அக்கரைப் பாயில் உன் அப்பா

இக்கோராசி
ஆகஸ்ட் 29

அன்பு மகள் ஜுரேமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், உன் அப்பா வலது கணுக்கால் நீங்கலாக முழுக்கச் சுகம். அங்கே நீயும் உன் இரண்டு கணுக்கால்களும் சுகமாக இருக்க நசாரே மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அப்பா கணுக்காலுக்கு என்ன வந்தது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. கோடை என்று நீ சொல்கிற மாதத்தில் எடுத்த படத்தில் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறாய், அது என்ன கோடையோ, பயிற்சிப் பாயில் புரண்டு வேர்த்த உடம்போடு அந்த டப்ளின் காற்றில் வெளியே போகாதே, தலையைத் துவட்டிவிட்டுப் போ. இங்கே வழக்கம்போல மத்தியானம் இரண்டு மணிக்கு மழை வருகிறது, மூன்று மணிக்குப் போகிறது. பக்கத்து வீட்டு ஒண்டினாவின் கிளி நம் வீட்டு இரும்புக் கேட் திறக்கிற சத்தத்தை அப்படியே கற்றுக்கொண்டுவிட்டது, நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன், அங்கே ஒருத்தரும் இல்லை. நீதான் சொல்லாமல் வந்துவிட்டாயோ என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா தன் வாயால் வா என்று சொன்னால் அக்டோபர் திருவிழாவுக்கு வருகிறேன், சொல்லாவிட்டால் இல்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக இப்படித்தான், உன் பெயர் வந்தால் செடிக்குத் தண்ணீர், போனில் உன் குரல் கேட்டால் செடிக்குத் தண்ணீர், இரண்டு செடி வேர் அழுகியே போய்விட்டது. உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரிசையாக வரும். உன் தாத்தா அனீசியோ, என் மாமனார், இந்த ஊரில் முதன்முதலாக ஜியு-ஜிட்சு மல்யுத்தப் பாயை விரித்த மனுஷன், விரித்த கையோடு சட்டமும் போட்டுவிட்டார். நம் சல்டான்யா வீட்டுப் பிள்ளை அந்நியன் பாயில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் துரோகி, கூடத்துச் சுவரில் இருக்கிற அவன் போட்டோ சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். முட்டிக்குக் கீழே ஒருத்தனையும் பிடிக்கக் கூடாது, காலைப் பிடித்துத் திருகுகிற கால்பூட்டு என்பது கழுத்து வரைக்கும் ஏறத் தெரியாதவன் வேலை. நம் கூடத்தில் சல்டான்யா யாரும் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கூடாது. அதோடு விட்டாரா, அசாயிப் பழக் கூழையும் பொரித்த மீனையும் ஒரே தட்டில் சாப்பிடக் கூடாது, ரத்தம் கனத்துவிடும் என்று சமையலறைக்கும் ஒரு சட்டம். பாரா மாநிலம் முழுக்க அசாயியும் மீனும் சேர்ந்துதான் வயிற்றுக்குள் போகிறது, நம் வீட்டில் மட்டும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் மீன்காரன் மகள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் இரண்டையும் சேர்த்துப் பரிமாறினேன், மாமனார் தட்டைப் பார்த்துவிட்டு என் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். நாற்பத்தோரு வருஷம் ஆயிற்று. அம்மா வீட்டுக்குப் போகிறபோது மட்டும் சேர்த்துச் சாப்பிட்டு வருவேன், உன்னையும் அழைத்துப் போயிருக்கிறேன், உன் அப்பாவிடம் நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அதற்கு உனக்குப் புண்ணியம்.

நீ அந்த ஊருக்குப் போன ஆறாம் மாதம் எல்லா ஜியு-ஜிட்சுப் பள்ளிக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கூடிப் புரளுகிற இடத்துக்குப் போனாய். போனது போகட்டும், படத்தை ஏன் அனுப்பினாய் மகளே. அதுவும் ஒரு தாடிக்காரன் காலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிரிக்கிற படம். பெரியப்பா லியோன்சியோ கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து உன் போட்டோவைத் திருப்பினார், அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொன்ன பழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை. மறுநாள் போட்டேன்.

இப்போது ஏப்ரல் மாதத்துக்கு வருகிறேன். தெற்கேயிருந்து மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தா, கொக்கு மாதிரி ஆள், வெள்ளைக்கு அடுத்த படியான நீலப் பெல்ட், நம் கூடத்துக்கு வந்து ஒரு நாள் சேர்ந்து பயிற்சி செய்யலாமா என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். அப்பா ஆசான்மார் கட்டுகிற சிவப்பும் கறுப்புமான பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வா தம்பி என்று உட்கார்ந்தார். அந்தத் தம்பி அப்பாவின் காலைப் பிடித்து இரண்டு திருகு திருகினான். பதினேழு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தட்டவில்லை, கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் விடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது நாள் நொண்டினார். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று என்னிடம் சொன்னார், நம் குளியலறையில் வழுக்குகிற அளவுக்கு இடம் ஏது. பத்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொல்கிறார், டாக்டர் மனசுக்கு அமைதி வேணும்னாரு டோராலிசே, செவ்வாயும் வியாழனும் மீன் பிடிக்கப் போகலாம்னு பார்க்கறேன் என்று. படகில் ஏறினால் கயிறு அவிழ்ப்பதற்குள் வாந்தி எடுக்கிற மனுஷன். சரி போய் வாங்க என்றேன்.

முதல் செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய பெஸ்காடா மீனோடு வந்தார். மீன்காரன் மகளிடம் மீனைக் காட்டி ஏமாற்ற வேறு யாருக்கும் துணிச்சல் வராது. வாயில் தூண்டில் முள் குத்தின அடையாளமே இல்லை. வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்திருந்தது. செவுளுக்குள் ஐஸ் இருந்தது. நல்லா கடிச்சுதா என்று கேட்டேன். ரொம்ப நேரம் போராடுச்சு என்றார். நான் மிளகாயும் கொத்தமல்லியும் போட்டுக் குழம்பு வைத்தேன். வியாழக்கிழமை கொண்டுவந்த மீனுக்குத் தலையே இல்லை. எப்படிங்க பிடிச்சீங்க என்று கேட்டால், அதுவா வந்துச்சு என்கிறார். அதைவிடப் பெரிய சந்தேகம் எனக்கு நகத்தில் வந்தது. நாற்பத்தோரு வருஷமாக அவர் கால் நகத்தை நான் சொல்லிச் சொல்லித்தான் வெட்டுவார், போர்வையெல்லாம் கிழிந்திருக்கிறது, திடீரென்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் தானாக உட்கார்ந்து வெட்டி, ஓரத்தை அரத்தால் வேறு தேய்க்கிறார். ஒண்டினாவிடம் சொன்னேன். அவள் கிளிக்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, அடி போடி, அறுபத்தாறு வயசுல கால் நகத்தைத் தேய்க்கிற ஆம்பளை எவளோ ஒருத்தியத் தேடிக்கிட்டான்னு அர்த்தம், என் வீட்டுக்காரரு இப்படித்தான் மூக்கு முடியில ஆரம்பிச்சாரு என்றாள். அன்றைக்கு என் குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று.

அடுத்த வியாழன் நானும் பின்னாலேயே போனேன். தலையில் துண்டு, என் அக்கா கொடுத்த கறுப்புக் கண்ணாடி, படகின் பின்பக்கம் மரவள்ளி மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். மூட்டைக்காரர், என்னம்மா ஒளிஞ்சு விளையாடறீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பேசாம இருங்கய்யா, புருஷன் முன்னால இருக்காரு என்று சொன்னேன், அதற்குப் பிறகு அவர் எனக்காகத் தானும் குனிந்து உட்கார்ந்துகொண்டார். அப்பா முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க வாந்தி எடுத்தார், தூண்டிலைப் பிரிக்கவேயில்லை. எவளுக்காகவோ இவ்வளவு கஷ்டப்படுகிறாரே, எனக்காக ஒரு தடவைகூட இவர் படகு ஏறியதில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அக்கரையில், பார்கரேனாவில் இறங்கினார், கடைத்தெரு வழியாகப் போனார், படகு மோட்டார் ரிப்பேர் செய்கிற கடைக்கு மேலே ஒரு மாடி, அதில் ஏறினார். கீழே நின்று கேட்டேன். மேலே தொம் தொம் என்று சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா, நாற்பத்தோரு வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் கீழேதானே சமைக்கிறேன். ஏறிப் போய்க் கதவு இடுக்கில் பார்த்தேன்.

உன் அப்பா பாயில் மல்லாந்து கிடக்கிறார். இடுப்பில் புதுசாகச் சேருகிறவர்கள் கட்டுகிற வெள்ளைப் பெல்ட். யாருடைய பெல்ட் என்று நினைக்கிறாய், உன்னுடையது, ஒன்பது வயசில் நீ கட்டினது, ஓரத்தில் நான் சிவப்பு நூலில் ஜே என்று போட்டது. பெட்டிக்குள்ளிருந்து எப்போது எடுத்தாரோ தெரியாது, அவர் வயிற்றைச் சுற்றி ஒரு சுற்று வந்து முடிச்சுக்கு இரண்டு விரல் நீளம் மிச்சம். அவர் காலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருத்தர், நகம் தேய்த்தது இதற்குத்தான். பக்கத்தில் இருபத்துநாலு வயசுப் பெண் ஒருத்தி, டாயினா என்று பெயர், அவள்தான் அங்கே ஆசிரியை, குனிந்து நின்று, ஜோசிமார் ஐயா, முட்டிய உள்ள மூடுங்க, மூடலேன்னா குதிகால் அவருக்குத்தான், எத்தன தடவ சொல்றது என்று அதட்டுகிறாள். யாருடைய பெயரோ அது, உன் அப்பா, ஆகட்டும் டீச்சர் என்கிறார். வாத்தியார் திருகினார், அப்பா பாயைத் தட்டினார். மூன்று தட்டு. தட்டிவிட்டுச் சிரித்தார், ஜுரேமா. மறுபடி வாங்க, மறுபடி வாங்க என்று காலை நீட்டுகிறார். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அசாயியும் பொரித்த மீனும் சாப்பிட்டார்கள், ஒரே தட்டில். அவர் விரலை நக்கினார். எவளோ ஒருத்தியோடு பார்த்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நான் இறங்கப் போகிறபோது அந்தப் பெண் டாயினா தண்ணீர் பிடிக்க வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். உள்ள வாங்கம்மா என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மெதுவான குரலில் சொன்னாள், ரிடையரான பஸ் கண்டக்டர்னு சொல்லிட்டு வந்தாரும்மா, அந்த ரெண்டு காதையும் பார்த்தா பஸ் கண்டக்டர் காது மாதிரியா இருக்கு, பாயில உரசி உரசியே காலிஃப்ளவர் மாதிரி இருக்கு. பெல்ட்டுல ஜேன்னு இருக்கே, பேர் என்னன்னு கேட்டேன், மேலயும் கீழயும் பார்த்துட்டு ஜோசிமார்னு வாய்க்கு வந்ததச் சொன்னாரு. ரெண்டாவது நாள் ஒரு பையன் சட்டைக் காலரைப் பிடிச்சான், இவரு கை தானா போயி அவனப் பறக்க விட்டுடுச்சு, விட்டுட்டு மன்னிச்சுக்கப்பா, டிக்கெட் கிழிச்ச பழக்கம்னாரு. யாருன்னு எனக்குத் தெரியும்மா. தெரியும்னு சொன்னா நாளைக்கு வர மாட்டாரு, அதனால சொல்லல என்றாள். நல்ல பெண். அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று அப்பா கொண்டுவந்த மீன் வெட்டித் துண்டு போட்டதாகவே இருந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். உங்க பொண்ணு பண்ணினதைத்தானே நீங்களும் பண்றீங்க, போனை எடுத்துப் பேசுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆள் படுத்துவிடுவார். ஆனால் நான் பிடித்து இழுத்து வருகிற வார்த்தை உனக்கு வேண்டாம் என்று தோன்றியது, அது தலையில்லாத மீன் மாதிரிதான் இருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு நாலு மாதம் ஐஸ் மீனாகச் சமைத்தேன்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, தந்தையர் தினம், நம் கூடத்தில் சத்தியம் செய்கிற நாள். ஊரில் மற்றவர்கள் வீட்டில் அப்பாவுக்குக் கேக் வெட்டுவார்கள், உன் தாத்தா தன்னை எல்லாருக்கும் அப்பா என்று நினைத்துக்கொண்டதால் நமக்கு அன்றைக்குத்தான் சத்தியம். பெரியப்பா லியோன்சியோ நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் தாத்தாவின் பழைய பெல்ட். மாணவர்கள், அவர்கள் வீட்டார், எனக்குப் பின்னால் ஒண்டினா, எல்லாரும் சுவரோரம். சல்டான்யாக்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பெல்ட்டைத் தொட்டு, அந்நியர் பாயில் என் கால் படவில்லை, படாது என்று சொல்ல வேண்டும். அப்பா முறை வந்தது. எழுந்தார், பெல்ட்டுக்குக் கையை நீட்டினார், கை பாதி வழியில் நின்றுவிட்டது. பொய் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், அவர் சொல்லியிருந்தால் மறுநாளிலிருந்து அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. அவர் திரும்பி, சுவர்ப் பக்கம் போய், உன் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிற தன் போட்டோவைக் கழற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்.

என்னடா பண்ற என்றார் பெரியப்பா. பொய்ச் சத்தியம் பண்ண முடியாதுண்ணே, நாலு மாசமா அக்கரைக்குப் போய்க்கிட்டிருக்கேன் என்றார் அப்பா. யாருகிட்டடா என்று பெரியப்பா கேட்டார். ஒரு பொண்ணுகிட்டண்ணே என்றார். எனக்குப் பின்னால் ஒண்டினா எழுந்து நின்று, நான் அன்னிக்கே சொன்னேன்ல என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். கால்பூட்டு கத்துக்கறேன்ணே என்று அப்பா சொன்ன பிறகுதான் அவள் உட்கார்ந்தாள், அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, நம்ம அப்பா இருந்திருந்தா உன்னை இந்தப் பெல்ட்டாலயே அடிச்சிருப்பாருடா, நம்ம பாய் உனக்குப் பத்தலையா, எழுபது வருஷத்துப் பாய் என்று கைத்தடியைத் தரையில் குத்தினார். அப்பா அண்ணனுக்கு மறுசொல் சொன்னதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். நம்ம அப்பா யாருகிட்டண்ணே கத்துக்கிட்டாரு, துறைமுகத்துல கப்பல் விட்டு இறங்குன ஜப்பான்காரர்கிட்டதானே, அவரு என்ன சல்டான்யாவா, அன்னிக்கு நம்ம அப்பா தன் வீட்டுப் பாயிலயே உட்கார்ந்திருந்தா நீயும் நானும் இன்னிக்கு மரவள்ளி மாவு இடிச்சுக்கிட்டிருப்போம் என்றார். குரல் உயரவில்லை.

பெரியப்பா கைத்தடியைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து ஒரு காலுறையைக் கழற்றினார், அதில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. காட்டு என்றார். வேணாம்ணே, உனக்கு எழுபத்தொன்பது வயசு என்றார் அப்பா. எழுபத்தொன்பதுதான், செத்துடல, காட்டு என்றார். இரண்டு மாணவர்கள் பிடித்து அவரைப் பாயில் இறக்கினார்கள், ஒரு அலமாரியை இறக்குகிற மாதிரி. அப்பா அவர் பாதத்தை அக்குளில் வைத்து, மெள்ள, மிக மெள்ளத் திருப்பினார். பெரியப்பா முகம் செங்கல் பொடி நிறத்துக்கு வந்தது, மூக்கு விரிந்தது, கை மட்டும் பாயைத் தட்டவில்லை, எங்கே தட்டப் போகிறார். அப்பாதான் விட்டார். நான் தட்டல என்றார் பெரியப்பா. தட்டலண்ணே என்றார் அப்பா. அப்புறம் ஏண்டா விட்ட. கால் போயிடும்ணே. பெரியப்பா கணுக்காலைத் தடவிக்கொண்டே இருந்தார், தடவிவிட்டு, இப்ப உன் காலைக் கொடு என்றார். அப்பா கொடுத்தார். பெரியப்பாவுக்குப் பிடிக்கத்தான் அரைகுறையாகத் தெரிந்தது, விடத் தெரியவில்லை. அப்பா தட்டினார், தாத்தா கூடத்திலேயே, மூன்று தட்டு அல்ல, பதினொரு தட்டு, நான் எண்ணினேன். அந்தக் கணுக்கால்தான் இது, இரண்டு வாரமாகக் காட்டு மர எண்ணெய் பூசுகிறேன், வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே.

சத்தியம் அன்றைக்கு அதோடு நின்றது. பெரியப்பா எழுந்து, எழுப்பப்பட்டு என்று சொல்ல வேண்டும், கைத்தடியைத் தேடி எடுத்து, சுவர்ப் பக்கம் பார்த்து, இப்படியே போனா சுவத்துல ஆணிதான் மிஞ்சும் என்று முணுமுணுத்தார். திருப்பு என்றும் சொல்லவில்லை, திருப்பாதே என்றும் சொல்லவில்லை. நான் தூசி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய், தூசி துடைக்கிற மாதிரியே இரண்டு போட்டோவையும் இந்தப் பக்கம் திருப்பி மாட்டினேன். உன் முகத்தில் மூன்று வருஷத்துச் சிலந்திக் கூடு, அதை முதலில் துடைத்தேன். வெளியே போகும்போது பெரியப்பா அப்பாவின் காதோரம் வந்து, அந்தப் படகு எத்தனை மணிக்கு, எனக்கு வாந்தியெல்லாம் வராது என்றாராம். இப்போது செவ்வாயும் வியாழனும் இரண்டு பேரும் போகிறார்கள், டாயினா பெரியப்பாவையும் அதட்டுகிறாளாம், அதைக் கேட்கவே எனக்கு ஒரு நாள் போக வேண்டும். தாத்தா சட்டத்தில் மீன் சட்டத்தை நான் இன்னும் மாற்றவில்லை, அப்பா கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன், வாய் ஊறினாலும் அவரும் கேட்கவில்லை.

இவ்வளவும் நடந்து உனக்குப் போன் வந்ததா என்றால் வரவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். தினமும் காலையில் போனை எடுக்கிறார், உன் எண்ணைப் பார்க்கிறார், கட்டைவிரலை அதன்மேல் வைக்கிறார், வைத்துவிட்டு எடுத்துவிடுகிறார். மூன்று வருஷத்துக்கு என்ன வார்த்தை சொல்வது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை மகளே, அவர் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. ஆனால் இன்று காலை இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது பின்னால் வந்து நின்றார். அவளுக்கா எழுதற என்றார். ஆமாம் என்றேன். பிறகு சொன்னார், ஒண்ணு கேட்டு எழுது, குதிகாலை உள்பக்கமா திருப்பும்போது என் இடது முட்டி எதிராளி இடுப்புக்கு மேல இருக்கணுமா கீழ இருக்கணுமா, டாயினா ஒண்ணு சொல்றா, அண்ணன் ஒண்ணு சொல்றாரு, அந்தத் தாடிக்காரன் படத்துல அவ முட்டி மேலதான் இருந்துச்சு, நான் நல்லா பார்த்தேன் என்றார். போன் பண்ணி நீங்களே கேளுங்களேன் என்றேன். இதைப் போய் போன்லயா கேக்கறது, கால் வேணும்ல, வந்து காட்டச் சொல்லு என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் நொண்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும், உன் எலும்புகளை எல்லாம் காக்கட்டும், நீ புரளுகிற பாயில் நல்லவர்களே அமையட்டும். திருவிழா அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, மறந்துவிடாதே. திருவிழா விருந்துக்கு இரண்டு வாத்து வாங்கிக் கொல்லையில் விட்டிருக்கிறேன், அப்பா அதில் ஒன்றுக்குப் பெயர் வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார், நீ சீக்கிரம் வராவிட்டால் அதை அறுக்க விட மாட்டார்.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
டோராலிசே சல்டான்யா